துவைக்கும் அறை விளக்கு

மின்னல் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். எங்கே போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வருவதும், வேலை முடிந்ததும் நின்ற இடம் தெரியாமல் மறைவதும் அவன் வழக்கம். வயரிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்தவர்கள் வைத்த பெயர்தான் மின்னல். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவன் மனைவி மட்டும்தான் சொல்கிறாள், அதுவும் கோபம் வந்தால்.

"எங்க அது? காட்டு. எனக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு."

"முதல்ல உக்காருண்ணா. தங்கச்சி வீட்டுக்கு வந்த மாதிரி வா. கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வந்த மாதிரி வராத," என்றாள் தங்கை.

அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே, யாரோ இடுக்கில் செருகி வைத்து மறந்துபோன மாதிரி நிற்கிற வீடு. நட்ட நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். மாப்பிள்ளை லாரியில் போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார். தங்கை சும்மா இருக்கப் பிறந்தவள் அல்ல. பக்கத்துத் தெருவில் இருந்த தங்கும் விடுதிகளில் பேசி, அவர்களுடைய படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலையைப் பிடித்துவிட்டாள். முதன்முதலாக அவளே தேடிக்கொண்ட பிழைப்பு. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

"யார் யாரோ புரண்டு படுத்ததெல்லாம் என் தலையில," என்று சிரித்தாள். "துவைக்கறது கஷ்டமில்ல. அந்த லைட்டுதான் உயிரை வாங்குது. போட்டா அணையுது. போட்டா அணையுது."

சமையலறைக்குப் பின்னால் இருந்தது துவைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் மெஷின், எதிரே கல் தொட்டி, அதன்மேல் ஒழுகும் குழாய். தரை எப்போதும் ஈரம். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு பழைய இரும்பு விளக்கு, மடங்கும் தண்டோடு, பார்க்க நாரையின் கழுத்து மாதிரி. அதன் ஒயர் கதவோரமாக இருந்த ஒரு பிளக்கில் செருகியிருந்தது.

அது சாதாரண பிளக் அல்ல. முகத்தில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருந்தன, சோதித்துப் பார்க்க ஒன்று, விழுந்ததைத் திரும்ப எழுப்ப ஒன்று. லீக்கேஜ் பிளக் என்பார்கள். போகிற மின்சாரம் அத்தனையும் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும் போதும், யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். தண்ணீர் புழங்கும் இடத்தில் மனிதர்கள் பிழைத்துக் கிடப்பதற்கென்றே செய்தது.

"வீட்டுக்கார அம்மா விவரமானவங்கதான். நல்ல பிளக்கா போட்டிருக்காங்க," என்றான் மின்னல். விளக்கைக் கழற்றினான். உள்ளே துரு இல்லை, வெடிப்பு இல்லை. இருந்தாலும் ஹோல்டரையும் ஒயரையும் புதிதாக மாற்றினான். பிளக்கையும் மாற்றினான். பொத்தானை அழுத்திச் சோதித்தான். எல்லாம் சரி. விளக்கைப் போட்டுவிட்டு, இப்போது டீ கொடு என்று சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான்.

முதல் வாய்கூடக் குடிக்கவில்லை.

டக்.

துவைக்கும் அறை இருண்டு கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அண்ணனும் தங்கையும் இங்கே, ஆளுக்கொரு டம்ளரோடு.

"பார்த்தியா? இதைத்தான் சொன்னேன்," என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டியா? அணையும்போதெல்லாம் வரும். யாரோ பெருமூச்சு விடற மாதிரி."

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்."

அவனுக்கும் கேட்டிருந்தது. ஆனால் அவன் பையிலிருந்து மீட்டரை எடுத்து, ஒயரைச் சுற்றி மாட்டி, விளக்கை மறுபடி போட்டுவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வயரிங்கில் கசிவு எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நைந்துபோன ஒயர் எடுத்த எடுப்பிலேயே கசியும். ஈரம் ஏறிய சுவர் நிதானமாக, ஒரே அளவில் கசியும். இது அந்த இரண்டிலும் சேரவில்லை. முதலில் எதுவுமே இல்லை. பிறகு துளி, விரல் நுனி பட்டதுபோல. அது உடனே விலகியது. மறுபடி வந்தது, கொஞ்சம் கூடுதலாக. பிறகு ஒரே ஏற்றம், ஒரு கை முழுதாகத் தண்டைப் பற்றியதுபோல.

டக்.

இருட்டில் அந்த மூச்சு அவன் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. குழாய் அந்தப் பக்கம் இல்லை.

"நீ தொட்டியா?"

"நான் இங்க கதவுகிட்ட நிக்கறேன்ண்ணா."

பயந்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். பயம் வந்தால் அவனுக்கு அவசரம்தான் வரும். அவசரம் வந்தால் எதையாவது செய்தே தீர வேண்டும். அப்போதுதான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத, ஆனால் என்றாவது ஒரு நாள் செய்துவிடுகிற அந்தக் காரியத்தைச் செய்தான்.

"லைட்டுக்கு எதுக்கும்மா லீக்கேஜ் பிளக்? அது மெஷினுக்கு இருக்கட்டும். லைட்டை நீ தொடப் போறதில்லல்ல? சமையல்கட்டு பிளக்குலேர்ந்து எடுத்துடறேன். அது சாதா பிளக். இந்தத் தொல்லையே இருக்காது."

ஒயரை நீட்டி, கதவோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுவந்து, சமையலறையின் சாதாரண பிளக்கில் செருகினான். விளக்கு எரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் லேசாக இளைத்தது. ஏதோ ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது, காதில் விழுகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. ஆனால் விளக்கு அணையவில்லை.

"அணையலண்ணா!" என்று தங்கை கை தட்டினாள். அவன் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

போன இடத்தில் வேலை ஓடவில்லை. சிவப்பு ஒயருக்குப் பதில் கறுப்பை வெட்டினான். ஏணியில் ஏறிவிட்டு எதற்கு ஏறினோம் என்று யோசித்தான். வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே எழுந்து போய் சுவிட்ச் போர்டைப் பார்த்தான். "உக்காந்த இடத்துல முள்ளு ஏதாவது இருக்கா?" என்று மனைவி கேட்டாள். மீட்டரில் எண் ஏறிய விதம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அது கசிவு இல்லை, தயக்கம். ஒயருக்குத் தயக்கம் ஏது?

மறுநாள் காலையில் தங்கையே போன் செய்தாள்.

"லைட் நல்லா எரியுதா?"

"அணையவே இல்லண்ணா. நான் சுவிட்சை ஆஃப் பண்ணாலும் எரியுது." அவள் குரல் எங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிறவளின் குரலாக இருந்தது. "அந்தப் பெருமூச்சு மட்டும் நின்னுடுச்சு."

"நல்லதுதானே?"

"இல்லண்ணா. மூச்சு விட முடியாம திணறுற மாதிரி இருக்கு."

"யாருக்கு? உனக்கா?"

மறுமுனையில் அந்த ரீங்காரம் மட்டும் கேட்டது. நேற்றைவிடப் பலமாக.

"வெச்சுடறேன். தனியா விட்டுட்டு வந்துட்டேன்," என்றாள் தங்கை.

மின்னல் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் போட்டது போட்டபடி கிளம்பினான். தங்கை வீட்டு வாசலில் மாடிப்படியருகே வீட்டுக்கார அம்மா நின்றுகொண்டிருந்தாள். மேல்மாடியில் தனியாக இருப்பவள். அவனுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"நீங்கதான் அவ அண்ணனா? அந்த லைட்டை மாத்திட்டீங்களா?"

"ஆமா. என்ன இப்போ?"

"தினமும் எனக்கு மேல வரைக்கும் அந்த டக்குனு சத்தம் கேக்கும். நேத்துலேர்ந்து கேக்கல." அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடி குடியிருந்த பொண்ணு ஈரக் கையோட அந்த விளக்கைப் பிடிச்சுட்டா. கரண்ட் பிடிச்சுக்கிச்சு. சத்தம் கேட்டு நாங்க நாலஞ்சு பேர் ஓடி வந்தோம். யாரும் தொடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். தொட்டா தொட்டவங்களும் போவாங்க. நீங்க இந்த வேலை பாக்கறவர், சொல்லுங்க. அது சரிதானே?"

"சரிதாம்மா." அதைத்தான் அவனுக்கும் முதலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"மெயின் பெட்டி அப்ப பூட்டிக் கிடந்துச்சு. சாவி வர்ற வரைக்கும் அவ எங்களையே பாத்துட்டு இருந்தா. ஒரு கை விளக்குல ஒட்டிக்கிச்சு. இன்னொரு கைய எங்ககிட்ட நீட்டிக்கிட்டே இருந்தா. நாங்க எல்லாரும் பின்னாடி தள்ளி நின்னோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்தான் அந்தப் பிளக்கைப் போட்டேன். செத்ததுக்கப்புறமும் அவ வருவா. வந்து தொடுவா. அது டக்குனு விட்டுடும். போயிடுவா. யாருக்கும் கெடுதல் இல்லையேன்னு விட்டுட்டேன். நீங்க அதை எடுத்துட்டா, அவ கைய யாரு விடுவிப்பா?"

மின்சாரம் பிடித்தால் கை தானாக மூடிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. ஒவ்வொரு முறையும் அவளை விடுவித்துக்கொண்டிருந்த ஒரே பொருளை அவன்தான் வழியிலிருந்து எடுத்திருக்கிறான்.

நேற்றிலிருந்து அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

செருப்புக் காலோடு உள்ளே ஓடினான். கூடத்தில் துவைக்காத விரிப்புகள் குவிந்து கிடந்தன. சமையலறை தாண்டும்போதே முடி கருகும் வாடை மூக்கில் ஏறியது. ஈரத் துணியும் சோப்பும் கலந்த வாடைக்கு அடியில், அது.

துவைக்கும் அறையில் விளக்கு செக்கச்செவேலென்று, வெளிச்சம் கொடுக்க மனமில்லாததுபோல எரிந்துகொண்டிருந்தது. ரீங்காரம் பல்லுக்குள் இறங்கியது. தங்கை வெறுங்காலோடு ஈரத் தரையில், விளக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். தன் இடது கையை மெதுவாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். யாரோ நீட்டிய கையை நோக்கி.

"தொடாத!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் நனைந்திருந்தது.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்கன்னு அவ அழறாண்ணா."

அவன் வாசல் பக்கம் பாய்ந்து மெயினைக் கீழே இழுத்தான். கூடத்து விசிறி நின்றது. சமையலறைக் குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. வீடு முழுக்க இருட்டு.

துவைக்கும் அறையில் மட்டும் சிவப்பு வெளிச்சம்.

திரும்பி ஓடினான். டெஸ்டரைச் சமையலறைப் பிளக்கில் வைத்தான். எரியவில்லை. பிளக்கில் மின்சாரம் இல்லை. விளக்கின் ஒயரைப் பிடுங்கினான். ஒயர் நுனி அவன் கையில் தொங்கியது.

விளக்கு எரிந்தது.

அப்போது தங்கை அந்தக் கையைப் பிடித்தாள்.

அவள் உடம்பு ஒரே வெட்டாக விறைத்தது. பல் கிட்டிப்போனது. இடது கை காற்றில் எதையோ இறுகப் பற்றி நடுங்கியது. கண்கள் மட்டும் அவன் பக்கம் திரும்பின. மின்னலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொடாதே, தொடாதே என்று அவன் படித்த தொழில் அவனுக்குள்ளேயே கத்தியது. அந்த ஒரு கணம், அன்றைக்கு வந்து நின்றவர்கள் நின்ற அதே இடத்தில், அவர்கள் நின்ற மாதிரியே அவனும் நின்றான். கூடப் பிறந்தவள் கண்ணெதிரே சாகிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மர ஸ்டூலை எடுத்துக் காலைப் பிடித்துக்கொண்டு, அவள் இடுப்பில் வைத்துத் தள்ளினான். நகரவில்லை. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினான். ஒல்லிப்பிச்சான் என்று சின்ன வயதில் அவன் கேலி செய்த தங்கை. இப்போது இரண்டு பேர் கனம் கனத்தாள்.

விடுவிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கிளிப்புகள் தெறிக்க ஒயரைச் சுவரிலிருந்து பிய்த்து இழுத்து, கதவோர லீக்கேஜ் பிளக்கில் செருகினான். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று உடனே புரிந்தது. மின்சாரம் இருந்தால்தான் அது கசிவைப் பார்க்கும். மெயினைப் போட வேண்டும். மின்சாரம் பிடித்து நிற்கும் தங்கைக்கு, அவன் கையாலேயே மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் கனவில்கூட யாரும் செய்யாத காரியம்.

ஓடினான். மெயினின் பிடியில் கை வைத்தான். "என்னை மன்னிச்சுடும்மா" என்று சொன்னது தங்கையிடமா, மற்றவளிடமா என்று அவனுக்கே தெரியாது.

மேலே தள்ளினான்.

டக்.

சிவப்பு வெளிச்சம் போனது. ரீங்காரம் அறுந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அதையடுத்து இன்னொரு மூச்சு. ஈரத் தரையில் உடம்பு விழும் சத்தம்.

தங்கைக்கு உயிர் இருந்தது. மடியில் போட்டுக் கூப்பிட்டதும் கண் திறந்து, "விட்டுடுச்சா?" என்று கேட்டாள். விட்டுவிட்டது என்றான். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். உள்ளங்கையில் காயம்கூட இல்லை. அவன் அவளை அந்த வீட்டுக்கு மறுபடி போக விடவில்லை. சாமான்களை ஏற்றியது, விடுதிக்காரர்களுக்குச் சொன்னது, மாப்பிள்ளைக்குத் தகவல் அனுப்பியது எல்லாம் அவனே. "பிழைப்பை விட்டுட்டு வந்துட்டேனே," என்று அவள் ஒருமுறை அழுதாள். "பிழைச்சதே பெருசு. துவைக்கறதுக்கு இங்கயும் அழுக்கு இருக்கு," என்று அவன் மனைவி அணைத்துக்கொண்டாள்.

மின்னல் தன் வீட்டிலிருந்த அத்தனை விளக்குகளுக்கும் லீக்கேஜ் பிளக் போட்டான். கூடத்துக்கு, படுக்கையறைக்கு, படியடிக்கு, கடைசியில் சாமான் அறையில் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற குண்டு பல்புக்குக்கூட. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்திச் சோதித்தான். "தூங்கும்போது என் நெத்தியிலயும் ஒரு பட்டன் வெச்சு அழுத்திப் பாக்கறதுதானே?" என்று மனைவி கேட்டாள். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். இடது உள்ளங்கை மட்டும் எந்நேரமும் ஈரமாக இருந்தது. உடுத்தியிருக்கும் துணியில் அடிக்கடி துடைத்துக்கொள்வாள். வியர்வை என்று மின்னல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாளாக நாளாக அவனுக்கும் கொஞ்சம் இருப்புக்கொண்டது. வேலைக்குப் போன இடத்தில் பழையபடி கேலி பேசினான்.

ஒரு விடுமுறை நாள் காலை. ஜன்னல் நிறைய வெயில். மனைவி கூடத்து மேசை விளக்கடியில் கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை மேசைக்குப் பக்கத்தில் நின்று, வலது கையில் டீ டம்ளரோடு, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னல் செய்தித்தாளைப் பிரித்தான்.

டக்.

மேசை விளக்கு அணைந்தது.

மனைவி தலை நிமிராமல், "உங்க பிளக்கு வேலை செய்யுது, சந்தோஷமா?" என்றாள். மின்னல் தாளைக் கீழே வைத்தான். தங்கையின் இடது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மூடியும் மூடாமலும், நடுவில் இன்னொரு கை இருக்கும் அளவுக்கு இடம் விட்டு வளைந்திருந்தன. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

எழுந்து அவள் அருகில் போனான். மனைவிக்குக் கேட்காதபடி, "நீ தொட்டியா?" என்றான்.

"நான் இல்லண்ணா."

"கைய விட்டுடும்மா. போதும். நீ விட்டாத்தான் அவ போவா."

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை, களைப்பு மட்டுமே இருந்தது.

"நான் அன்னிக்கே விட்டுட்டேன்ண்ணா," என்றாள்.